சிறுத்தைக்கு வந்த நிதி

செய்தி சோலைமலைக்கு வீட்டில் கிடைக்கவில்லை. ஹட்டனில், மஃறூப் நானாவின் தேநீர்க்கடையில்தான் கிடைத்தது.

"என்ன தம்பி, ஒங்க சம்சாரத்துக்கு வெளிநாட்டுலேருந்து புலிக்கு நிதி வந்திருக்காமே?" என்ற மஃறூப், வாசலில் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சிறுத்தைன்னே சொல்லுவோம். காலம் சரியில்ல."

இலங்கையில் யுத்தம் இறுகிக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டு அது. தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் டவுனுக்கு வந்தால் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"யாரு சொன்னா?" என்று கேட்டான் சோலைமலை.

"செல்வரத்தினம் மாஸ்டர்தான். கொழும்புலேருந்து போன் வந்திச்சாம். அவருதானே இங்கிலீசுல எழுதிக் குடுத்தது."

தேநீரை முடிக்காமலே எழுந்துவிட்டான்.

சோலைமலை ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலர். எந்த வெளிநாட்டு நிதியம் எந்த மாதத்தில் விண்ணப்பம் கேட்கும், எதற்குக் கொடுக்கும், எப்படி எழுதினால் மனம் இளகும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இத்தனை வருடமும் நிறுவனத்துக்காகவே எழுதினான். முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டான். காட்டுயிரும் மக்களும் சேர்ந்து வாழ உதவும் நிதியம் அது. தோட்டங்களில் சுற்றாடல் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தப் போவதாக எழுதியிருந்தான். போன மாதம் மறுத்துவிட்டார்கள். அதே நிதியம் இப்போது அவன் மனைவி சண்முகவடிவுக்குக் கொடுத்திருக்கிறது. அவள் விண்ணப்பித்ததே அவனுக்குத் தெரியாது.

நோர்வூட் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ காந்திக்கொண்டே வந்தது. கிடைத்தது வேறு யாருக்காவது என்றால் ஏசிவிட்டுத் தூங்கியிருப்பான்.

வடிவு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பெண்கள் கொழுந்து எடுக்கப் போகையில் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அந்தப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கமும் வைத்திருந்தாள். அன்று அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் திரும்பினாள். தெரிந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. "கெடைக்கும்னு நெனைக்கல. கெடைக்காட்டி ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கும்."

"எழுதுறதுக்கு நான் இல்லையா? மாஸ்டர்கிட்டதான் போகணுமா?"

"ஒங்ககிட்ட குடுத்திருந்தா நல்லா எழுதியிருப்பீங்க. என்னைய விட நல்லா. அப்புறம் அது ஒங்க வேலையா போயிருக்கும். மாஸ்டர் நான் சொன்னத மட்டுந்தான் எழுதினாரு."

அவள் சொன்னது சரி என்பதுதான் அவன் கோபத்தைக் கூட்டியது.

வடிவின் திட்டம் சிக்கலானதல்ல. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே காட்டோரத்தில் எல்லோருக்கும் மரக்கறித் தோட்டம் உண்டு. பன்றி வந்து கிளறிவிடும். பன்றிக்காக பிரேக் கேபிளில் சுருக்கு வைப்பார்கள். பன்றி தப்பிவிடும், சிறுத்தை மாட்டிக்கொண்டு சாகும். நல்ல வேலி போட்டுக் கொடுத்தால் சுருக்கு தேவைப்படாது. சுருக்குகளைக் கழற்ற சங்கத்துப் பெண்களே போவார்கள். அவ்வளவுதான். இதை ஏன் தனக்கு எழுதத் தோன்றவில்லை என்று சோலைமலை பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். தினமும் அந்த மரக்கறித் தோட்டங்களைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இடத்தைப் பார்க்க நிதியத்தின் கொழும்பு அலுவலகத்திலிருந்து பஸ்மிலா என்ற பெண் வந்தார். சோலைமலை லீவு போட்டுக்கொண்டு கூடவே நடந்தான். வடிவு தேநீருக்கு ஏற்பாடு செய்ய முன்னால் போய்விட, காட்டோரப் பாதையில் இவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுக்கக்கூடாது," என்றான். "இந்தப் பக்கம் சுருக்கு வைக்கிறதுல முதல் ஆளு அழகன். வடிவோட சொந்த அண்ணன். போன வருசம் ஒரு சிறுத்தை செத்ததும் அவர் சுருக்குலதான். பின்னாடி ஒங்களுக்குக் கெட்ட பேராகிடக்கூடாது பாருங்க."

இதைச் சொல்ல வேண்டும் என்று முதல்நாளே மனதில் கோத்து வைத்திருந்தான். கவலைப்படுகிறவனின் குரல்கூட சரியாக வந்தது.

பஸ்மிலா நடையை நிறுத்தவில்லை. "அவங்க எங்ககிட்ட பேசின மொத நாளே சொல்லிட்டாங்களே. சுருக்கு எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் அண்ணன்தான், அவரை வச்சுத்தான் கழட்டணும்னாங்க. அந்த நேர்மைக்காகத்தான் கொழும்புல எல்லாரும் இதுக்குச் சரின்னாங்க."

சோலைமலைக்குக் காது மடல் சூடாகியது. அத்தோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. பிள்ளைக் காம்பராவில் தேநீர் கொடுத்தபோது பஸ்மிலா இயல்பாகவே சொன்னார், "ஒங்க ஹஸ்பண்டும் அண்ணனைப் பத்தி இப்பதான் சொன்னாரு."

வடிவு "அப்படியா," என்றாள். அவன் பக்கம் பார்க்காமல் அடுத்த கோப்பையை எடுத்துக் கொடுத்தாள்.

விருந்தாளியை அனுப்பிவிட்டு வந்தபிறகுதான் பேசினாள். "நீங்க பொய் சொல்லல. ஆனா எதுக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். நான் முந்திச் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு அண்ணன் பொலிஸ்ல இருந்திருக்கும். ஒங்களுக்கு அது பரவாயில்லையா?"

"அந்த அளவுக்கு நான் யோசிக்கல."

"யோசிக்க மாட்டீங்க. என் பேரு கெட்டா போதும்னு இருந்திருக்கீங்க."

அதன்பிறகு அவர்களிடையே பேச்சு சோறு, தண்ணீர், பஸ் நேரம் என்று சுருங்கிவிட்டது. வேலி எழும்பியது. அழகன் தான் வைத்த சுருக்குகளையெல்லாம் காட்டிக் கொடுக்க, பெண்கள் கம்பியைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுப் பத்திரிகையில் வடிவின் படம் வந்தது. சோலைமலையின் மேலாளர் அதைக் கத்தரித்து அலுவலகச் சுவரில் ஒட்டி, "நம்ம சோலையோட மிஸிஸ்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். சோலைமலை அந்தச் சுவருக்கு முதுகு காட்டும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அடுத்த வருடம், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தன்று காலையில் கீழ் மலையிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடையோரமாகச் சிறுத்தை ஒன்று இடுப்பில் கம்பி இறுக மாட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் யாரோ வைத்த சுருக்கு. செய்தி கேட்டதும் சோலைமலையின் மனதில் முதலில் எழுந்தது சந்தோசம். செத்துவிடட்டும், அத்தோடு அவள் திட்டமும் முடியட்டும் என்று ஒரு நொடி நினைத்தான். பிறகு தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினான்.

அங்கே பெருங்கூட்டம். நாயையும் ஆட்டையும் பறிகொடுத்தவர்கள் கட்டையோடும் கல்லோடும் நின்றார்கள். வடிவும் அழகனும் நான்கு பெண்களும் கயிறு கட்டி அவர்களை மறித்திருந்தார்கள். வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, மிருக வைத்தியர் வர மதியமாகும் என்று வடிவு தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தாள். கயிற்றுக்குப் பின்னால், தேயிலைக்கு அடியில் அந்த மிருகம் படுத்தபடி மூச்சு வாங்கியது. கம்பி வெட்டிய இடத்தில் சதை தெரிந்தது.

தோட்டத்துத் தலைவர் இராமையா சோலைமலையைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தார். "சோல, ஒன் பொஞ்சாதி சொன்னா இவனுங்க கேக்க மாட்டேங்கிறானுங்க. நீ ஆபீசுல இருக்கிறவன். நீ சொல்லு. அடிக்கிறதா, விடுறதா?"

கூட்டம் அவனைப் பார்த்தது. வடிவும் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. மிருகத்தைப் பார்த்து வந்த பயமில்லை அது. தன் ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குப் புரிந்தது. விடுங்கள் என்று தானே சொன்னாலும் அந்தப் பெயர் தனக்கே வந்து சேரும் என்பதும் புரிந்தது. இரண்டும் நாக்கின் நுனி வரை வந்தன.

"என்னைய ஏன் கேக்குறீங்க?" என்றான். குரல் கசந்துதான் வந்தது. "இது அவ வேல. ஒங்க வேலியெல்லாம் யாரு போட்டுக் குடுத்தா? அவகிட்டயே கேளுங்க." சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

இராமையா தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, நீயே சொல்லு வடிவு," என்றார். கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

வைத்தியர் வந்து ஊசி போட்டு மயக்கிக் கம்பியை வெட்ட, அதிகாரிகள் சிறுத்தையைக் கொண்டுபோனார்கள். காயம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஆறியதும் மேல் காட்டில் விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

அதைப் பற்றிப் பேச நிதியத்தார் வடிவைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வரும் கூட்டம். சோலைமலை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் ஸ்டேசன் வரை வந்தான். ரயில் வரும் சத்தம் கேட்டது.

"நீங்களும் வரலாந்தானே? ரெண்டு பேருக்கும் டிக்கெட் தர்றேன்னாங்க," என்றாள்.

லீவு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஏனோ அது வரவில்லை. "நீ மேடையில பேசுறத ஒக்காந்து பாக்க எனக்கு இன்னும் மனசு வரல வடிவு. வந்தா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுதான் இருப்பேன். ஒனக்கும் பேச்சு வராது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. "இத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள். "சரி, நான் போய்ட்டு வந்து சொல்றேன். அப்ப கேப்பீங்களா?"

"கேக்குறேன்."

ஜன்னலோர இருக்கை பார்த்து அவளை ஏற்றி, பையை மேலே வைத்துவிட்டு இறங்கினான். ரயில் வளைவில் மறையும் வரை நின்றான். மனதில் இருந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவள் நன்றாகப் பேச வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு படியேறி அலுவலகத்துக்குப் போனான்.