ஆளோடு சேர்த்து எடை

லாரி போன பிறகு எடைமேடையில் மிச்சம் கிடப்பது மண்தான். சக்கரங்களிலிருந்து உதிர்ந்த மண். செம்மண், கரிசல், ஈரம் காயாத களி, சில நாள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஒன்று. எடைமேடைக்காரன் அதைக் கூட்டித் தள்ளப் போய், விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவான். இந்த வெள்ளை மண் இருக்கிற ஊரில் காலை வெயில் எப்படி விழும், அங்கே கிணற்றுத் தண்ணீர் கரிக்குமா என்று மனசு கிளம்பிப் போய்விடும். உடம்பு மட்டும் மேடையில் நிற்கும். அடுத்த லாரிக்காரர் ஹாரன் அடித்தால்தான் இரண்டும் ஒன்று சேரும். உடனே எடை எண் எரிகிற கூண்டுக்குள் ஓடி, நாளெல்லாம் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொல்வான். “வண்டியில ஆள் இருந்தா எறங்கிக்கங்க.” எடை சரக்குக்கும் வண்டிக்கும்தான், ஆளுக்கு இல்லை.

இப்படிப்பட்டவன் ஒரு பழைய ஜீப்பை வாங்கியதில் ஆச்சரியமில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் போகும். வாங்கியதோடு கையிருப்பு காலி. மற்றதெல்லாம் ஓசியிலும் பாதி விலையிலும் வந்து சேர்ந்தவை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார் என்று மனைவி ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். லாரிக்காரர்கள் கழித்துப் போட்ட தார்ப்பாய், மூடிப்போன பள்ளிக்கூடத்துப் பெஞ்சுப் பலகை, டீக்கடை அடுப்பு, தண்ணீருக்கு இரண்டு பெரிய டிரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில். அதன் கால்களை அறுத்துப் பின்பக்கம் பொருத்திய அன்று அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. எலி வளையானாலும் தனி வளை அல்லவா? மெக்கானிக் மட்டும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, சல்லிசாகக் கிடைக்கிற சாமானெல்லாம் கனமாகத்தான் இருக்கும், ரெண்டரை டன்னைத் தாண்டினால் ஸ்பிரிங் பட்டை முறிந்து நடுக்காட்டில் நிற்பீர்கள் என்று எச்சரித்தார்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அவன் ஜீப்பைக் கழுவும்போதெல்லாம், “என் சக்களத்தி குளிச்சாச்சா?” என்று மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள். வண்டி வாங்கிய புதிதில் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரே ஒரு முறை அவளைக் கூப்பிட்டிருந்தான். பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போவதற்குள்ளேயே குடல் வாய்க்கு வந்துவிடும், நான் எங்கே வருவது என்று சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை கேட்க அவனுக்குப் பயம். இன்னொரு தடவை அவள் வாயால் ‘இல்லை’ என்று வந்தால் தாங்காது. அதனால் ஒருத்தனுக்கு வேண்டியதை மட்டும் வண்டியில் சேர்த்துக்கொண்டே போனான். ஆனால் பார்க்கிறதையெல்லாம் யாரிடம் காட்டுவது என்ற நினைப்பு வந்தால் ஸ்பானர் கையிலேயே நின்றுவிடும். அவளோ தார்ப்பாயை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தாள். சமீபமாக அவளுக்கு நூல் அடிக்கடி தீர்ந்துபோயிற்று. மத்தியானம் நூல் வாங்கப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினாள்.

விடுமுறை நாளில், டிரம்களில் தண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் ஏற்றி, எடை பார்க்கக் கிளம்பினான். வாசலில் அவள் நின்றாள், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு. நூல் கடைப் பக்கம் இறக்கிவிடச் சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தலையில் எண்ணெய்க் குடம் வைத்தவன் மாதிரி ஓட்டினான். நூல் கடை வந்தது, போயிற்று. அவள் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

மேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தி, அன்றைக்கு வேலையிலிருந்த மாற்று ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவனே கூண்டுக்குள் போனான். எண் எரிந்தது. தன் எடையையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். மெக்கானிக் சொன்ன ரெண்டரை டன்னைத் தாண்டியிருந்தது. அவள் இறங்கிவிட்டால் சரியாக இருக்கும். வெளியே வந்து, கொஞ்சம் இறங்கிக்கொள்ளச் சொன்னான்.

அவள் இறங்கவில்லை. பழத்தை மடியில் வைத்தாள்.

“நான் எதுக்கு எறங்கணும்? மூணு வாரமா கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு வரேன். மொதல்ல போற வழியெல்லாம் வாந்தி. இப்ப நின்னுடுச்சு.”

“நூல் வாங்கப் போறேன்னு சொன்னியே.”

“நூல் டப்பா நெறைய இருக்கு.”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான்.

“நீங்க இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே” என்றாள். பிறகு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எடை ஜாஸ்தின்னா அந்தக் கட்டிலை எறக்குங்க. அதுல ஒருத்தர்தான் படுக்கலாம்.”

போல்ட்டுகள் அவனே இறுக்கியவை. ஸ்பானரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கிவந்து ஒரு பக்கம் பிடித்தார். கட்டிலை ஓரமாக வைத்த பிறகு முன் சீட்டைக் காட்டி, ஆள் உட்கார்ந்திருக்கிறதே, எங்களை மட்டும் இறங்கச் சொல்வீர்களே என்று கேலி செய்தார்.

“இது ஆளோட சேத்துதான்” என்றான் எடைமேடைக்காரன்.

கூண்டுக்குள் எண் இறங்கியிருந்தது. ஆனால் கடைசி இலக்கம் நிலைகொள்ளாமல் மாறி மாறி எரிந்தது. வண்டிக்குள்ளே யாரோ அசைகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். மாற்று ஆள் கூட்டாமல் விட்ட வெள்ளை மண் மேடை ஓரத்தில் சிதறிக் கிடந்தது. அவள் இடுப்பு வரை வெளியே எட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் மடியிலிருந்து உருண்டு படியில் நின்றது.

“இது எந்த ஊர் மண்ணுங்க?” என்று கேட்டாள்.