தனிச் சட்டி

பிறை போட்ட கறிக்கடையிலிருந்து அப்பா பொட்டலத்தோடு இறங்குவதை வுபிட் பார்த்துவிட்டாள். அதுவும் புதன்கிழமை! புதனும் வெள்ளியும் நோன்பு, அவள் வீட்டில் வெண்ணெயைக்கூடத் தொடமாட்டார்கள். மற்ற நாட்களிலும் சிலுவை போட்ட கடையில்தான் கறி. தெஸ்ஸி ஊரில் அது அப்படித்தான். கிறிஸ்தவர் அறுத்ததைக் கிறிஸ்தவரும், முஸ்லிம் அறுத்ததை முஸ்லிமும் சாப்பிடுவார்கள். மாற்றிச் சாப்பிட்டால் மதமே மாறிவிட்டதாகப் பேசுவார்கள். அவள் அப்பா தெஷாலேயோ தேவாலயத்துக்கு வெல்வெட் குடை தைத்துக் கொடுக்கிற மனுஷன்.

பதினாறு வயதாகியும் வுபிட் தெருவில் தனியாக நடந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்பா துணை, தேவாலயத்துக்கு அம்மா துணை. அன்று பரீட்சை சீக்கிரம் முடிந்ததால், தையல் கடைக்குப் போய் அப்பாவைத் திகைக்க வைக்கலாம் என்று கிளம்பியிருந்தாள். கடைசியில் திகைத்தது அவள்தான். பின்னாலேயே போனாள். நியாயமாகப் பயம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது குஷி. தனி ரோடு, தன் கால், யாரும் பெயர் சொல்லி அதட்டாத மத்தியானம். வகுப்புத் தோழி ஒருத்தி போன மாதம் கண்ணடித்துக்கொண்டு கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “புதன்கிழமை ஆனா உங்கப்பா எங்கடி போறாரு?” குஷி அப்படியே நெஞ்சுக்குள் திகுதிகுவென்று எரியத் தொடங்கியது.

மசூதிக்குக் கீழே ஒரு தகரக் கதவை அப்பா தட்டினார். முக்காடு போட்ட ஒருத்தி திறந்து, கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அவர் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அவ்வளவுதான், வுபிட் ஓடிப்போய் நடுவில் நின்றுவிட்டாள்.

“யாருப்பா இவங்க?”

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாதான் வுபிட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “சயீது, உம் மகதானே? மூக்கப் பாரு, அப்படியே நம்ம அம்மா. உள்ள வாடி, வாசல்ல நின்னு சண்ட போட்டா தெருவுக்குத்தான் கொண்டாட்டம்.”

சயீதா? அப்பா தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். பிறந்தது இதே வீட்டில். வுபிட்டின் அம்மாவைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கினார். அம்மாவின் தகப்பனார் சிலுவையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாராம், பிறந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதென்று. அம்மாவுக்கு அந்தச் சத்தியம் தெரியும், புதன்கிழமைகள் தெரியாது. வுபிட்டிடம் சொல்லியிருந்த கதை வேறு. அப்பாவின் சொந்தமெல்லாம் பஞ்சத்தில் செத்துப்போய்விட்டது என்பது அது.

“அப்போ நீங்க ஜெபம் பண்றதெல்லாம் பொய்யாப்பா?”

“இல்லம்மா. நான் நம்புறது நிஜம். ஆனா அக்காவ விட முடியல.”

வுபிட்டுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டுக்கும் அடியில் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு அத்தை இருக்கிறாள்! தொய்பா அத்தை. உயிரோடு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு.

அத்தை தட்டை வைத்ததும் வுபிட் தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்தாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. மேல் தட்டிலிருந்து துணி சுற்றிய ஒரு மண்சட்டியை இறக்கினாள்.

“பயப்படாத. இதுல கறியும் பட்டதில்ல, வெண்ணெயும் பட்டதில்ல. கரண்டிகூடத் தனி. பதினெட்டு வருஷமா உங்கப்பனுக்குன்னே வச்சிருக்கேன். புதன்கிழம நோன்புன்னு எனக்குத் தெரியாதா? இரு, நோன்பு விடுற நேரம் ஆகட்டும், போடுறேன்.”

கடிகாரத்தையும் அத்தைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஆனதும் தோசை மாதிரியான இஞ்சேராவில் கடலைமாவுக் குழம்பை ஊற்றினாள். வுபிட் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று ஆத்திரமாக இருந்தது.

கிளம்பும்போது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மாகிட்ட சொல்லிடாதம்மா. வீடு ரெண்டாயிடும்.”

வுபிட் அவரைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அவளுடையது, பழக்கியதும் அவர்தான். அத்தையிடம் திரும்பினாள்.

“அத்த, அம்மாவுக்கும் கொஞ்சம் கட்டிக் குடுங்க.”

வீட்டுக்குப் போகும் மேட்டில் ஏறும்போது அப்பா மூன்று இடத்தில் நின்றார். வேண்டாம் என்றார், நாளைக்குச் சொல்லலாம் என்றார், பிறகு அவள் பின்னாலேயே நடந்தார். வுபிட் நிற்கவேயில்லை. பரீட்சை முடிந்தும் மகளைக் காணோமே என்று அம்மா வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வுபிட் அத்தை கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கவளம் சுருட்டி, அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். கையால் ஊட்டுவதை அந்த ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

“யாரு சமைச்சது?” என்றாள் அம்மா.

“எங்கக்கா,” என்றார் அப்பா, பின்னாலிருந்து.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கவளத்தைப் பார்த்தாள். குழம்பு வுபிட்டின் விரலிடுக்கில் கசிந்து முழங்கை வரை வழிந்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை.