யாரும் இல்லாத குரூப்

பத்மப்ரியா சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் தாசம்மாள் கூப்பிட்டாள். தாசம்மாள் கிழக்கேகோட்டைப் பக்கம் பெண்களுக்கான சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் கவுன்சலர். அந்த அலுவலகத்தின் சர்வரைக் கழக்கூட்டத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்பெனியில் பத்மப்ரியாவுக்கு வேலை. பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றுதான் வழக்கமாக அழைப்பு வரும்.

"மக்ளே, பக்கத்துல ஆராவது இருக்காவளா?"

"இல்லக்கா. சொல்லுங்கோ."

"காலையில ஒரு பிள்ளை வந்துது. நீதுன்னு பேரு, வித்துராக்காரி. கையெல்லாம் சூடு வச்ச பாடு, தழும்பு தழும்பா, பாக்க முடியல்ல. ஹாஸ்டல்ல கொண்டு விட்டுட்டு, அட்ரஸ் உள்பட எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இப்பம் மனு எழுதும்போதுதான் மாப்பிள்ளைக்க பேரக் கேட்டேன். ஆதர்ஷாம். உங்க கம்பெனி பேரத்தான் சொல்லுகா."

பத்மப்ரியா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி. மனைவிக்கு உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று காலையில் ஆதர்ஷ் செய்தி அனுப்பியிருந்தான்.

"அவன் நம்ம சோலியும் பாக்கான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவனால அத பாக்க முடியுமா மக்ளே?"

முடியும். வழக்குக் கோப்புகளைத் திறக்க, சர்வரில் 'வழக்கு' என்ற குரூப்பில் பெயர் இருக்க வேண்டும். கோப்புகளைப் புது டிஸ்க்குக்கு மாற்றியபோது ஆதர்ஷின் பெயரை அதில் சேர்த்தது பத்மப்ரியாதான். வேலை முடிந்த பிறகு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நான் பாத்துக்கறேன். நீங்க அவள வேற எங்கேயாவது மாத்துங்கோ. இப்பவே."

டப்பாவைத் தள்ளிவிட்டு, சர்வருக்குக் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்தாள். இதில் அவசரப்படக் கூடாது. ஒரு எழுத்து பிசகினால் ஆதர்ஷ் எல்லாக் குரூப்பிலிருந்தும் வெளியே போய்விடுவான். மற்ற வேலைகளும் நின்றால் உடனே அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு குரூப் மட்டும்.

gpasswd -d adarsh vazhakku

நீக்கியாயிற்று என்று ஒரு வரி வந்தது. அவன் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறான் என்று கேட்டுப் பார்த்தாள். 'வழக்கு' இல்லை. மூச்சு விட்டாள்.

உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. குரூப் அனுமதி லாகின் செய்யும்போது கிடைப்பது. வெளியே வரும்வரை கூடவே இருக்கும். காலையில் உள்ளே வந்தவன் இன்னும் வெளியே போகாவிட்டால், இப்போது பெயரை எடுத்து என்ன பிரயோஜனம்?

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஆதர்ஷ் இருந்தான். அவன் கணக்கில் என்ன ஓடுகிறது என்று பார்த்தாள். ஒரு தேடல். வழக்குக் கோப்புகள் அத்தனையிலும், பல வருடத்துக் காகிதங்களுக்குள்ளே, ஒரே ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.

neethu.

இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்மப்ரியாவிடம் ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். தேடல் எதுவரை போயிற்று, இன்று ஏற்றிய கோப்பைத் தொட்டதா என்பது அவன் திரைக்குத்தான் தெரியும். அவன் பெயரில் ஓடிய எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் வெட்டினாள்.

ஃபோன் அடித்தது. ஆதர்ஷ். எடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

"சேச்சி, எனக்க கனெக்‌ஷன் போயி."

"எல்லாருக்கும் போயிடுத்து. நெட்வொர்க்குல என்னமோ."

"ஆணோ? எல்லாருக்குமோ?" கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஆ, இப்பம் கிட்டிச்சு." மறுபடி கீபோர்டு சத்தம். "சேச்சி, வழக்கு குரூப்புல என்னைக் காணல்லியே?"

"ஆடிட் வரது. ஸ்ரீநிவாஸ் சார் எல்லாரையும் எடுக்கச் சொல்லிட்டார். நான்கூட இல்லை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை உள்ளே இருக்கும் எவரும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். தாசம்மாள், இரண்டு வக்கீல்கள், அவளே, எல்லார் பெயரும் அதில் அப்படியே இருந்தன. ஆதர்ஷ் பெயர் மட்டும் இல்லை என்று தெரிந்தால் நீது எங்கே வந்தாள் என்பதும் தெரிந்துவிடும்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்." ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உறுப்பினர் பட்டியலைக் காலியாக்கும் கமாண்டை அடிக்கத் தொடங்கினாள். அங்கேயும் கீபோர்டு சத்தம். அவனைப் பேச வைக்க வேண்டும். "ஆமா, ஒய்ஃபுக்கு உடம்பு முடியலன்னியே, இப்ப எப்படி இருக்கா?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"அவளா... கிடக்கா சேச்சி. நல்ல உறக்கம்."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"வேண்டாம். பனிதான், சின்ன காச்சல். செரியாயிடும்."

அடித்து முடித்தாள். மறுபடி அந்தப் பக்கம் விசைகள் தட்டப்பட்டன. தோளில் இருந்த ஃபோன் வியர்வையில் வழுக்கியது.

"செரியாக்கும்," என்றான் கடைசியில். "ஒருத்தரும் இல்ல. சேச்சி, என்னை எப்பம் திரும்பச் சேப்பீங்க?"

"ஆடிட் முடியட்டும் ஆதர்ஷ்."

ஃபோனை வைத்தாள். சட்ட உதவி அலுவலகத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. வக்கீல்கள் காலையிலேயே லாகின் செய்திருந்ததால் அவர்கள் கோப்புகள் பாட்டுக்குத் திறந்துகொண்டிருந்தன. ஸ்ரீநிவாஸ் மீட்டிங் முடிந்து வந்தவுடன் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி முதலாளியான அவர் நம்ப முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆதர்ஷா? நல்லாத் தெரியுமா உனக்கு?"

அவன் தேடிய சொல்லைப் படம் பிடித்து வைத்திருந்தாள். காட்டினாள்.

மாலையில் தாசம்மாள் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு மக்ளே. நாகர்கோவில்ல சிஸ்டர்மாரு மடத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். பிள்ளை என் தோள்ல சாஞ்சு கிடக்கா." குரலைத் தாழ்த்தினாள். "இப்பம் ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டாவ. ஒருத்தன் பைக்குல வந்து நீது இருக்காளான்னு கேட்டானாம். அப்படி ஆரும் இல்லன்னு சொல்லிட்டாவளாம். போவாம கேட்டுலயே நிக்கானாம்."

அப்படியென்றால் தேடல் இன்றைய கோப்பு வரை போய்விட்டிருந்தது. வெட்டுவதற்கு முன்பே அவன் முகவரியைப் பார்த்துவிட்டான். ஃபோனில் அவ்வளவு சாதாரணமாகப் பேசும்போது எல்லாம் தெரிந்துதான் பேசினான்.

"அக்கா, அவளுக்குச் சொல்லிட்டேளா?"

"இல்ல. ஊரு சேரட்டும். வக்கீல் சார் போலீசுல விளிச்சுச் சொல்லியாச்சு."

ஆதர்ஷின் கணக்கை ஸ்ரீநிவாஸ் தன் கையாலேயே பூட்டினார். நாளை முதல் அவன் இங்கே வரமாட்டான் என்றார். பத்மப்ரியா தலையாட்டினாள். இங்கே வராதவன் வேறு எங்கே நிற்பான் என்று அவரிடம் கேட்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குப் போகும் வழியிலேயே தம்பியைக் கூப்பிட்டாள்.

"சுமந்த், ஸ்கூட்டர எடுத்துண்டு கழக்கூட்டத்துக்கே வாயேன். இன்னிக்கு பஸ்ஸுல வரப் பயமாயிருக்கு."

"என்னாச்சுக்கா?"

"வா, சொல்றேன். நீ வரவரைக்கும் செக்யூரிட்டிகிட்டயே நிக்கறேன்."