குழாய் கழுவியவர்

மீனாம்பிகையின் தகப்பன் யாழ்ப்பாணம் பெரியகடையில் புகையிலை வியாபாரி. மகளுக்கு அவர் விட்டுப்போன மூலதனம் ஒரே ஒரு புத்தி: எழுதி வைக்கிற இலக்கம் களவு போகும், ஆகவே மெய் இலக்கத்தை மனதில் வை.

மகள் உயிர் இரசாயனம் படித்தாள். ஆட்டுக் கணையத்திலிருந்து சாராயத்தால் இன்சுலின் பிரிக்கும் மலிவான முறையொன்றை ஐந்து வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்தாள். குறிப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். சாராயத்தின் வலுவை மட்டும் எழுபது வீதத்துக்குப் பதில் ஐம்பது என்று எழுதினாள்.

1984இல் அவளுடைய பேராசிரியர் பஞ்சலிங்கம், பார்த்துவிட்டுத் தருவதாக அந்தப் புத்தகத்தை வாங்கினார். ஆறு மாதத்தில் அது அவர் பெயரில் வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரையாக வந்தது. கடைசி வரியில், கண்ணாடிக் குழாய் கழுவி உதவிய செல்வி மீனாம்பிகைக்கு நன்றி.

வெளிநாட்டில் இன்சுலின் கடையில் கிடைத்ததால் அந்த ஐம்பதை ஒருவரும் செய்து பார்க்கவில்லை. மீனாம்பிகையும் வாய் திறக்கவில்லை. நல்ல சரக்கு வைத்திருப்பவர் கூவி விற்பதில்லை.

1991இல் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு. மருந்து வரவில்லை. மீனாம்பிகை கொக்குவிலில் தன் சமையல் குசினியை ஆய்வுகூடமாக்கினாள். அச்சுவேலி இறைச்சிக்கடைச் சூசைதாசன் காலையில் கணையம் கொண்டுவருவான். பனஞ்சாராயத்தை அவள் மறுபடி வடித்து வலுவேற்றுவாள். முயலுக்கு ஊசி போட்டு, அது சீனி இறங்கிச் சோர்ந்தால்தான் மருந்து சரி; பிறகே போத்தல் வெளியே போகும். இறைச்சி தொடாத ஊரின் சைவப் பழங்கள் கூட ஊசி ஏற்றிக்கொண்டார்கள். எந்த மிருகம் என்று கேட்கவில்லை.

பஞ்சலிங்கத்துக்கும் நீரிழிவு, ஊர்ச்சொல்லில் சீனி வருத்தம். முதலில் தன் கட்டுரையைப் பார்த்துத் தானே காய்ச்சினார். ஊசி போட்ட முயல் சோரவில்லை, முருங்கையிலை தின்றது. மூன்றாவது வாரம், வற்றிய முகத்தோடு சைக்கிளில் வந்தார்.

"பிள்ளை, என்ரை முறையிலை எங்கையோ ஒரு பிசகு."

"வெளிநாட்டிலை அச்சடிச்சது எப்பிடி, சேர், பிழையாகும்?"

கணையம் கொண்டுவந்த சூசைதாசன் போகாமல், துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு மருந்து வேணும். திருத்தம் எழுதுறன். உம்மடை பேரை ரண்டாவதாப் போடுறன்."

"அழுகின கத்தரிக்காய்க்கும் இதைவிடக் கூட விலை சொல்லுவினம்."

"சரி, முதலாவதா."

"உங்கடை பேர் என்னத்துக்கு? குழாய் கழுவினனீங்களோ?"

அவர் கதிரையில் இருந்தார். கடதாசியும் பேனையும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. மீனாம்பிகையின் முறையைத் தான் 'பெற்றுக்கொண்டதாக' எழுதினார்.

"உந்தச் சொல்லை வெட்டுங்கோ."

வெட்டிவிட்டு, 'களவெடுத்தேன்' என்று எழுதினார். சஞ்சிகைக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று.

"சாட்சிக் கையெழுத்து நான் வைக்கிறன், அக்கா," என்று சூசைதாசன் கையைச் சாரத்தில் துடைத்தான்.

இரண்டு கடதாசியும் மடிந்து அலுமாரிக்குள் போன பிறகு, மருந்து குளிர்ந்திருக்க வைத்த ஈரமணல் பானையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். அதில் அவர் பெயரும் முந்தநாள் திகதியும் ஒட்டியிருந்தன.

"உங்கடை வருத்தம் கேள்விப்பட்ட உடனை எடுத்து வைச்சனான். இஞ்சை மருந்துக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கிறேல்லை. நீங்களாத்தான் விலை சொன்னனீங்கள்."

பஞ்சலிங்கம் அலுமாரியைப் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கினார். படலையடியில் திரும்பி நின்றார்.

"பிசகு எங்கையெண்டாவது சொல்லும்."

"சொன்னா எழுதிப்போடுவியள். போத்தல் முடிய வாங்கோ, சேர். வரேக்கை கொஞ்சம் வெள்ளெண, விடியவே வாங்கோ. கழுவுறதுக்குக் குழாய் கனக்கக் கிடக்கு."