குளியலறைக்குள் ஒரு மாமியார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒளிபரப்புக்குச் சரியாகப் பத்து மணி நேரம் இருக்கும்போது, திரப் கையில் ஒரு சூப் டின்னுடன் எங்கள் அறைக்குள் நுழைந்து, இனி 'அம்மா' என்ற சொல்லை யாரும் நிகழ்ச்சியில் உச்சரிக்கக் கூடாது என்றார்.

திரப் விளம்பரதாரரின் ஆள். டட்வைலர் சூப் கம்பெனிதான் எங்களுக்குப் படியளந்துகொண்டிருந்தது. அவர் கையில் இருந்ததோ போட்டிக் கம்பெனியின் டின். 'அம்மா ஹார்கின்ஸ் சூப்'.

"நம்ம காசுல அவங்க பேரை எதுக்குச் சொல்லணும்?" என்றார். "மிஸ் ஹாகர்ட்டி, அப்படியே எனக்கு ஒரு காபி."

நான் காபி போடுகிறவள் அல்ல. 1951இல் நியூயார்க்கில், ஒரு தொப்பிக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், 'கிளைடும் கிளாராவும்' என்ற நகைச்சுவைத் தொடரை வாரா வாரம் எழுதியது நானும் இர்வ் பிளாட்கினும். இர்வ் மேசைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு சொல்வான், நான் திருத்தித் தட்டச்சு செய்வேன். தட்டச்சுப் பொறி முன்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மீதியைத் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நகைச்சுவையில் பாதி என்னுடையது. நல்ல பாதி.

"அம்மா வேணாம், சரி," என்றான் இர்வ் படுத்தபடியே. "மாமியார்னு சொல்லலாம்ல?"

"மாமியாரும் யாரோ ஒருத்தருக்கு அம்மாதானே?"

"யோவ், எங்க கதையே மாமியார் கதைய்யா! கிளைடு வீட்டுக்கு மாமியார் வர்றா. போக மாட்டேங்கிறா. முப்பது வாரமா போக மாட்டேங்கிறா. அவளை எப்படிக் கூப்பிடுறது, வாடகைக்காரின்னா?"

"எழுத்தாளர் நீங்க. யோசிங்க," என்றார் திரப்.

ஒத்திகையில் நிலைமை இன்னும் மோசமானது. மாமியாராக நடித்தவர் ப்யூலா; நாற்பது வருடம் ஊர் ஊராக மேடையேறிப் பழகிய கட்டை. வெள்ளைக் கொண்டையும் வட்டக் கண்ணாடியுமாக அவர் நடந்து வந்தபோது, திரப் டின்னைப் பார்த்தார், ப்யூலாவைப் பார்த்தார், மறுபடி டின்னைப் பார்த்தார். டின்மேல் ஒரு கிழவியின் படம். அச்சு அசலாக அதே முகம். முப்பது வாரமாக அதை யாரும் கவனிக்கவில்லை.

"இந்த அம்மா... இந்த நபர்... இந்த டின் மாதிரியே இருக்காங்களே!"

"இருக்காதா பின்னே?" என்றார் ப்யூலா. "அது நான்தான் தம்பி. இருபத்தினாலாம் வருசத்துல வேலையில்லாம சுத்திட்டிருந்தேன், என்னைப் பார்த்துப் படம் வரையணும்னு கூப்பிட்டாங்க. அப்ப எனக்கு முப்பது வயசுதான், மாவைத் தலையில கொட்டிக் கிழவியாக்கினாங்க. இப்ப மாவே தேவையில்லை. கூலியா பன்னிரண்டு டின் சூப் கொடுத்தாங்க. வாயில வைக்க முடியலை."

திரப் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த முகம் கேமராவில் தெரிந்தால் நிகழ்ச்சி இன்றோடு நிறுத்தப்படும் என்றார். அப்போதெல்லாம் பதிவு செய்து, வெட்டி ஒட்டிக் காட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எட்டு மணிக்கு நடிகர்கள் வாய் திறந்தால் அதே நொடியில் நாடே கேட்கும்.

நானும் இர்வும் அறைக்கு ஓடினோம். நாலு மணி வரை கத்தினோம். அவன் ப்யூலாவுக்கு அம்மை போட்டிருப்பதாக எழுதலாம் என்றான்.

"அம்மையில 'அம்மா' பாதி இருக்குய்யா," என்றேன்.

"அப்ப நீயே சொல்லு, ஹாகர்ட்டி!"

"குளியலறை. உள்ள போய்த் தாழ் போட்டுக்கிறா. வெளிய வர மாட்டேங்கிறா. குரல் மட்டும்தான்."

இர்வ் மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். அவன் எழுந்து உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டான் என்று பொருள்.

எட்டு மணி. கிளைடாக நடித்த நெட் குளியலறைக் கதவைத் தட்டி, நாங்கள் எழுதிக் கொடுத்தபடி, "என் மனைவியைப் பெற்றெடுத்த நபரே, கதவைத் திறங்க!" என்றான்.

அரங்கில் இருந்த இருநூறு பேரும் வெடித்தார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. அவன் மறுபடி சொன்னான். மறுபடி சிரிப்பு. இர்வ் என் தோளைக் குத்திக் குத்தி மகிழ்ந்தான். நானும் மகிழ்ந்தேன், கடிகாரத்தைப் பார்க்கும் வரை. சிரிப்புக்கு நாங்கள் நேரம் ஒதுக்கவில்லை. எட்டரைக்கு முடிக்க வேண்டிய நிகழ்ச்சியில், எட்டு இருபத்தைந்துக்கு நாலு நிமிடம் பின்தங்கியிருந்தோம். இப்படியே போனால் கடைசி நிமிடத்து சூப் விளம்பரம் காற்றோடு போய்விடும். விளம்பரம் போனால் நாங்களும் போவோம்.

மேடையின் ஓரத்தில் விளம்பரப் பெண் அடுப்பில் சூப்பைக் கிண்டியபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"கதைக்குள்ளயே சூப்பைக் கொண்டுவந்துடு!" என்றான் இர்வ்.

ஒப்பனைக்காரியிடமிருந்து புருவ மையைப் பிடுங்கி, ஒரு தொப்பிப் பெட்டி மூடியில் 'சூப் வேணுமான்னு கேள்' என்று எழுதினேன். இருவரும் தவழ்ந்து போய்க் கேமராவுக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடித்தோம். நெட்டுக்குக் கிட்டப்பார்வை. கேமராவுக்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"என் மனைவியைப் பெற்றெடுத்த நபரே," என்றான். "சோப் வேணுமா?"



"நான் இருக்கிறது குளியலறையில," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ப்யூலாவின் குரல். "இங்க ஆறு சோப் இருக்கு. உனக்கு வேணும்னா சொல்லு, தர்றேன்."

மறுபடி சிரிப்பு. மறுபடி இருபது வினாடி நட்டம். இர்வுக்குப் பொறுக்கவில்லை. "சூப்புடா, சூப்பு!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினான். அமெரிக்கா முழுக்கக் கேட்டது.

நெட் திடுக்கிட்டு, "சூப்!" என்றான்.

"எந்த சூப்?"

"டட்வைலர் சூப்!"

கதவு திறந்தது. அது திறக்கக் கூடாது. திரையில் தெரியவே கூடாத அந்தக் கிழவி, முகத்தை மூன்றாவது கேமராவுக்கு நேராகத் திருப்பி, விடுவிடுவென்று விளம்பரப் பெண்ணிடம் போனார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இத்தனை வருசமா இது எங்கய்யா இருந்துச்சு?" என்றார்.

நேரம் முடிந்தது. விளக்குகள் அணைந்தன.

நான் தரையிலிருந்து எழவில்லை. எழுந்தால் வேலை போய்விட்டதென்று யாராவது சொல்வார்கள். மேலே கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி ஒலித்தது. திரப் எடுத்தார். கதவு திறந்திருந்ததால் அவர் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"சார்... ஆமா சார்... அதே முகம்தான் சார். அவங்க டின்ல இருக்கிற அதே அம்மாதான், நம்ம சூப்பைக் குடிச்சாங்க... ரொம்ப சிரிச்சீங்களா சார்? சந்தோசம் சார்... இல்லை சார், எழுதறவங்க என்ன எழுதறவங்க... என் யோசனைதான் சார்."

இர்வ் தொப்பிப் பெட்டி மூடியோடு மாடிப்படி ஏறினான். நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"விடு ஹாகர்ட்டி! ஒரே ஒரு அடி!"

"வேலை இருக்குய்யா நமக்கு. அடிச்சா இருக்காது."

மூன்று வாரத்தில் ஹார்கின்ஸ் கம்பெனி ப்யூலாவை இரண்டு மடங்கு சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. எழுத எங்களைத்தான் வேண்டும் என்று அவர் அடம் பிடித்தார். டட்வைலருக்குத் துரோகம் செய்வது சரியா என்று இர்வ் யோசித்தான். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் யோசித்தான்.

புதிய அறையில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். முதல் நாள் போனதும் தட்டச்சுப் பொறியைத் தூக்கி அவன் மேசையில் வைத்துவிட்டு, என் மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தேன்.

"எனக்குத் தட்டச்சு தெரியாதே," என்றான் இர்வ்.

"கத்துக்கோ," என்றேன்.

அன்று மாலைக்குள் ஒன்றேகால் பக்கம் எழுதினோம். அதில் எழுத்துப் பிழை இல்லாத சொற்கள் பதினொன்று.