நாலாயிரத்து நாற்பது கூடை

சித்தூர் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு, ஜூன் மாதத்தில் ஒரு லாரி வந்தது. முன்பக்கம் நாற்பது கூடை மாம்பழம், பின்பக்கம் நாற்பது கூடை. கணினி இரண்டையும் கூட்டி நாலாயிரத்து நாற்பது என்றது. ஆலைக்காரர்கள் மற்ற லாரிகளையெல்லாம் ரோட்டுக்கு விரட்டிவிட்டு, கொட்டகையைக் காலி செய்து, முப்பது ஆட்களோடு காத்திருந்தார்கள். இறங்கியது எண்பது கூடை.

அந்தக் கணக்கைப் போட்ட மென்பொருள், திருப்பதியில் நந்திதா வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. எது எண், எது எழுத்து என்கிற 'டைப்'பைப் பைத்தானில் முன்கூட்டிச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. வாசல்காரர் கைபேசியில் தட்டிய நாற்பது, எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்தது. அது பக்கத்து நாற்பதோடு ஒட்டிக்கொண்டு 4040 ஆனது.

நிரலை ஓட்டுவதற்கு முன்பே இதைப் பிடிக்கிற டைப் செக்கர் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லி, முதலாளி ஹரிபாபு அந்த வேலையை நந்திதா தலையில் கட்டினார். அலுவலகத்திலேயே இளையவள் அவள்தான். யார் பக்கமும் சாயமாட்டாளாம்.

சாய்க்க இரண்டு பேர் இருந்தார்கள். பிச்சாட்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தனசேகர், பழைய செக்கர் ஒன்றைக் குலதெய்வம்போலக் கொண்டாடினார். புதுசாக வந்த வேகமான ஒன்றுக்குப் பவன்குமார் தன் மடிக்கணினி மூடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருந்தான். மூன்று நாள் இருவரும் மாறி மாறி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேலை நடக்கவில்லை, வயிறுதான் எரிந்தது.

வியாழக்கிழமை அவள் பழைய தவறான நிரலை எடுத்து, இரண்டு செக்கரையும் ஓடவிட்டாள். தனசேகருடையது ஒரு குறையும் இல்லை என்றது. பவனுடையது ஆயிரத்து நூறு குறை சொன்னது. தனசேகர் முகம் சுருங்கியது. பவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நந்திதா ஆயிரத்து நூறையும் பொறுமையாகப் படித்தாள். கூடைக் கணக்கு அதில் இல்லை.

கூடை என்பது எண் என்று நிரலில் யாருமே எழுதியிருக்கவில்லை. எழுத்தையும் எழுத்தையும் சேர்ப்பது தப்பே இல்லையே. "விடை எண்ணாக இருக்கவேண்டும்" என்று ஒரே ஒரு வரியில் அவள் குறித்ததும், இரண்டு செக்கரும் அதே வரியைக் காட்டிக் கத்தின.

"நீங்க ரெண்டு பேரும் எதுக்குண்ணா மூணு நாளா சண்ட போட்டுக்கினு இருந்தீங்க? அறுபது ஃபைல் இருக்குது. யாரு உக்காந்து டைப் எழுதறீங்களோ, அவுங்க சொல்ற செக்கரையே வச்சிக்கலாம்," என்றாள்.

பவனுக்குத் திடீரென்று போன் வந்தது. தனசேகருக்குப் பிச்சாட்டூர் பஸ் ஞாபகம் வந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

அவளே உட்கார்ந்தாள். தட்டும்போதே தவறைச் சிவப்பில் காட்டியதால் பவனுடையதை வைத்துக்கொண்டாள். லாரி சம்பந்தப்பட்ட ஃபைல்களை முதலில் எடுத்தாள். இரண்டாம் வாரம், லாரி எண்ணைத் தரவேண்டிய ஒரு நிரல்துண்டு சிலசமயம் எண்ணையும், சிலசமயம் ஒன்றுமில்லாததையும், சிலசமயம் "தெரில சார்" என்ற வார்த்தையையும் திருப்பித் தருவதைச் செக்கர் காட்டிக்கொடுத்தது. எழுதியவர் தனசேகர்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"டிரைவரு தெரிலன்னுதாம்மா சொன்னான்," என்றார். "நான் பின்ன இன்னா எழுதறது?"

பிறகு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மிச்சத்தில் பாதி ஃபைலைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.