கேட்காமல் சேமித்தது

மிஷின் அறையின் இரும்புக் கதவுக்கு உள்ளே மூன்று பேர்: கடை முதலாளி ஜோஷ்வா, டிசைனர் மாரிசெல்வம், பிரிண்டிங் மிஷின் ஓட்டும் தவசி. வெளியே குச்சனூர் விஜயபாண்டியும் அவன் மச்சினன்மாரும். தேனி அல்லிநகரத்து பிளெக்ஸ் கடையின் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. தவசியின் காதிலிருந்து வடிந்த ரத்தம் சட்டைக் காலரை நனைத்திருந்தது.

விஜயபாண்டி செத்துவிட்டதாகக் காலையில் குச்சனூர் ரோட்டில் பிளெக்ஸ் தொங்கியது. கண்ணீர் அஞ்சலி, மாலை, நடுவில் அவன் சிரித்த முகம். சனிக்கிழமைக் கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போனது. முந்தின நாள் மேகமலைக்குப் போன புருஷனுக்கு போன் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த விஜயபாண்டியின் மனைவி வேல்விழி, பார்த்த இடத்திலேயே சாய்ந்தாள். மைல்கல்லில் மோதி மண்டை பிளந்தது. தேனி ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

பிளெக்ஸ் உண்மையில் அதே ஊர் வேல்பாண்டியின் செத்துப்போன பெரியப்பாவுக்கு அடித்தது. வாய்க்கால் தகராறில் வேல்பாண்டிக்கும் விஜயபாண்டிக்கும் பேச்சு கிடையாது. முந்தின மதியம் கடைக்கு வந்த வேல்பாண்டி நன்றாகக் குடித்திருந்தான். டிசைன் முடிந்ததும் தன் போனிலிருந்த ஒரு படத்தைக் காட்டி மாரிசெல்வத்தின் தோளைத் தட்டினான்.

“ஏலே, இதுல விஜயபாண்டி மூஞ்சியையும் பேரையும் வச்சுக் காட்டு. கண்ணு குளிரப் பாத்துக்கிறேன்.”

மாரிசெல்வம் வைத்துக் காட்டினான். இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கொஞ்ச நேரம் சிரிப்பார்கள். பைலை மூடும்போது சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம் என்று தட்டினால் வேடிக்கை அத்தோடு போய்விடும்.

அன்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை. போன வாரம் கரண்ட் போய் ஒரு கல்யாண பிளெக்ஸ் பாதி வேலையோடு அழிந்திருந்தது. எதை மாற்றினாலும் அப்போதைக்கப்போதே சேமித்துவிட வேண்டும் என்றார் ஜோஷ்வா. அப்படிச் சேமிப்பது தனிப் பிரதியில் இருக்கட்டும், அசல் பைலைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்றான் மாரிசெல்வம். வேலையாள் சொல்லி முதலாளி கேட்பதா? அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஜோஷ்வா, கேட்காமலே அசல் பைலில் சேமிக்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டார். அவனிடம் சொல்லவில்லை. பிளெக்ஸ் தொங்கிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

வழக்கமாக ‘வேண்டாம்’ வரும் இடத்தைப் பழக்கத்தில் மாரிசெல்வத்தின் விரல் தட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. அதை யோசிப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பைல் அப்படியே பிரிண்டுக்குப் போனது. தவசி அளவையும் கலரையும் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். கட்டியவர்கள் விஜயபாண்டியை அறியாத சின்னமனூர்க் கூலியாட்கள்.

விஜயபாண்டியும் மச்சினன்மாரும் வேல்பாண்டியின் இரண்டு முழங்காலையும் உடைத்துவிட்டுத்தான் தேனிக்கு வந்திருந்தார்கள். உடைபடும்போது அவன் டிசைனரின் பெயரைச் சொல்லியிருந்தான்.

கதவில் கடப்பாரை விழுந்தது. கீலைச் சுற்றிய காரை உதிர்ந்தது. ஜோஷ்வா ஸ்டேஷனுக்கு போன் போட்டார். வண்டி கோயில் பந்தோபஸ்தில் இருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். அப்போது கடப்பாரை நின்றது.

“அண்ணாச்சி, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல.” விஜயபாண்டியின் குரல் தணிந்து வந்தது. “மிஷினையும் தொட மாட்டோம். என் படத்த வச்ச கைய மட்டும் வெளிய அனுப்புங்க.”

மாரிசெல்வம் முதலாளியைப் பார்த்தான்.

“படத்த வச்சது நாந்தான் அண்ணாச்சி. கேக்காம சேமிச்சது ஒங்க செட்டிங்கு. அதச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக.”

ஜோஷ்வா மிஷினைப் பார்த்தார். கடன் வாங்கிப் போட்டது. பிறகு தவசியைப் பார்த்தார். தவசி காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கொஞ்ச நேரந்தாம்லே,” என்றார் ஜோஷ்வா. “போலீஸ் வந்துரும்.”

மாரிசெல்வம் மிஷினின் இரும்புச் சட்டத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிளெக்ஸ் வெட்டும் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவன் விரல்களின் மேல் விளிம்பால் அடித்தார் ஜோஷ்வா. இரண்டாவது அடியில் பிடி விட்டது. சட்டைக் காலரைப் பற்றி இழுத்துப்போய், கதவை ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அவனுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.